நீர்த்துளியும் மின்காவலியும்: ஒரு முரண்பாட்டின் வரலாறு

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் மேதைமை பற்றிய வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. உற்பத்தியின் தேவைகளும் பொருள்களின் உள்முரண்பாடுகளும் அதிற் பின்தள்ளப்படுகின்றன. மின்காவலியின் மேற்பரப்பில் தங்கும் நீர்த்துளி இப்பார்வையின் போதாமையை உணர்த்தும் சிறியதோர் எடுத்துக்காட்டாகும்.

19ஆம் நூற்றாண்டின் தந்திக் கம்பிகளைத் தாங்கிய கண்ணாடி, பீங்கான் காவலிகளின் மேற்பரப்பில் நீர் படலமாகப் பரவும். கடலுப்போ ஆலைப்புகையோ படிந்தவிடத்து அப்படலம் மின்னைக் கடத்தும். பொசியும் மின்னோட்டத்தின் வெப்பத்தால் படலம் ஆங்காங்கே உலரும். உலர்ந்த வளையங்களைத் தாண்டி எழும் சுடர்கள் ஈற்றில் காவலி முழுவதையும் கடக்கும் மின்வில்லாகும். தொலைவிலுள்ள நீர்மின் நிலையங்களை ஆலைகளோடு இணைக்க மூலதனம் முற்பட்டபோது இது உற்பத்தியையே தடுக்கும் பிரச்சினையாயிற்று. 1907இல் ஹியூலெற்றும் பக்கும் வடிவமைத்த தொங்குகாவலி உயரழுத்தத்துக்கு வழிதிறந்தது. ஆயின் ஈரப்படலத்தை ஒழிக்கவில்லை. காவலிகளைக் கழுவும் உழைப்புத் தொடர்ந்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கிப்பிங் ஆராய்ந்த சிலிக்கோன்கள் நெடுங்காலம் ஆய்வுகூடத்துக்குள்ளேயே கிடந்தன. 1940இல் ரொக்கோ கண்ட நேரடித் தயாரிப்பு முறையும் உலகப்போரின் தேவைகளுமே அவற்றைத் தொழிற்பொருளாக்கின. 1960களிலிருந்து சிலிக்கோன் இறப்பர்க் காவலிகள் மின்வழிகளில் இடம்பெறலாயின. இவற்றில் நீர் படலமாவதில்லை, தனித்துளிகளாகவே நிற்கும். இறப்பரினுள்ளிருக்கும் சிறு மூலக்கூறுகள் மேற்படிந்த அழுக்கினுட் பரவி அதனையும் நீர்விலக்கியாக்குகின்றன.

எனினும் முரண்பாடு தீரவில்லை. அதன் வடிவமே மாறியது. நீரின் சாரனுமதித்திறன் ஏறத்தாழ 80; வளியினது 1. எனவே துளி, வளி, திண்மம் ஆகிய மூன்றும் சந்திக்கும் விளிம்பில் மின்மண்டலம் செறிவடைகிறது. வலிய மின்மண்டலத்தில் நீர்த்துளி நீண்டு கூம்பாகிச் சிதைவதை 1964இல் ஜி. ஐ. ரெயிலர் விளக்கினார். காவலியிலும் துளி மண்டலத்தின் திசையில் நீள்கிறது. ஆடலழுத்தத்தின் கீழ் அதிர்ந்து அயற்றுளியோடு கூடுகிறது. இடைவெளி குறுக, மின்னிறக்கம் எழுகிறது. அவ்விறக்கமும் அதிற் பிறக்கும் ஓசோனும் நைத்திரிக்கமிலமும், துளியைத் துளியாக வைத்திருந்த நீர்விலக்கும் தன்மையையே சிதைக்கின்றன. உலர்ந்த ஓய்வுக் காலத்தில் அத்தன்மை மீளும். ஈரம் இடையறாது நீடிப்பின் மீளாது. அப்போது துளிகள் மீண்டும் படலமாகின்றன. அளவின் மாற்றம் பண்பின் மாற்றமாகும் இடம் இதுவே.

ஆகவே காப்பு என்பது பொருளில் என்றென்றைக்கும் உறைந்துள்ள குணமன்று. பொருள், ஈரம், அழுத்தம், காலம் ஆகியவற்றிடையேயான உறவாகும். பராமரிப்பே வேண்டாத காவலி என்னும் கூற்று அவ்வுறவை மறைக்கும் சந்தையின் வாக்குறுதி. 1992இற் சுவீடனில் வெளியான வழிகாட்டியொன்று, காவலி மீது நீரைத் தெளித்துக் கண்ணாற் பார்த்தே அதன் நிலையை 7 வகுப்புகளாகப் பிரிக்கின்றது. உழைப்பாளியின் கண்ணைத் தேவையற்றதாக்க வந்ததாகக் கூறப்பட்ட பொருள், ஈற்றில் அக்கண்ணையே நாடி நிற்கிறது.