பாமினிக்குள் அகப்படாத பெயர்கள்

எங்கள் பக்கத் தட்டச்சில் நெடுங்காலம் கோலோச்சியது பாமினி எழுத்துரு. போர்க்காலச் சாட்சியங்கள் பலவும் அதில் தட்டச்சிடப்பட்டு, பிடிஎவ் கோப்புகளாக இணையத்தில் கிடக்கின்றன. கண்ணுக்கு அது தமிழ். ஆனால் பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தது. 'அம்மா' என்பதுகூடக் கணினிக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவைதான். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் பெயரைத் தமிழில் தட்டித் தேடும் தாய்க்கு, அந்தப் பெயருள்ள கோப்பு அகப்படாது. கைபேசியில் பெருப்பித்து, இழுத்து வாசிக்கும் சிரமம் வேறு.

தமிழ் 1991 முதலே யுனிகோட்டில் உண்டு. அதில் எழுதிச் சாதாரண இணையப் பக்கமாக இட்டால் இரண்டு சிக்கலும் தீரும். பழைய கோப்புகளுக்கு இலவச எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியபின் ஆட்பெயர், ஊர்ப்பெயர்களை ஒருமுறை சரிபாருங்கள். ஆனால், தேடலில் உறவினருக்கு அகப்படும் பெயர் புலனாய்வாளருக்கும் அகப்படும். சாட்சி சொன்னவரிடம், பெயரோடு இடலாமா என்று முதலில் கேட்க வேண்டும்.