தமிழ் எழுத்துருச் சந்தையும் திறந்த மூலமும்

தமிழ்க் கணிமையில் வணிக மென்பொருளின் பிடி நிரலைவிட எழுத்துக் குறியேற்றத்திலேயே இறுகியிருந்தது. 1990களில் எழுத்துரு விற்ற நிறுவனங்கள் பலவும் தத்தமக்கெனத் தனிக் குறியேற்றம் கொண்டிருந்தன. சென்னையில் தட்டச்சிட்ட பாடம் தில்லி ஜனக்புரியிலுள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியை எட்டினும், அதே எழுத்துரு அங்கு இல்லையெனில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். ஆகவே, வேறு நிறுவனத்தை நாடிய பயனர் தம் பழைய ஆவணங்களை இழக்க நேர்ந்தது. 1999இல் தமிழிணையம் மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. 2005 ஏப்ரலில் நடுவணரசு தமிழ் மென்பொருள் குறுந்தகட்டை விலையின்றி வழங்கியது. அதில் திறந்த மூல வழிவந்த பாரதீய ஓப்பன் ஆபீசும் எழுத்துருக்களும் இடம்பெற்றன. இதனைத் திறந்த மூலத்தின் வெற்றி என்பது மிகை. விலையின்மை வேறு, நிரலைத் திருத்திப் பகிரும் உரிமை வேறு. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்ற பின்னரும் பழைய கோப்புகளைப் படிக்கக் குறியேற்ற மாற்றிகள் தேவைப்பட்டன.