எல்லிஸுக்குக் கிடைத்த இடம்

திசையன்விளையை அடுத்த பனங்காட்டுத் தேரி நிலத்தில், இடையன்குடியில், 1841இன் இறுதியில் வந்து தங்கிய ராபர்ட் கால்டுவெல், தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் உறவுடைய தனிக் குடும்பம் என்பதை இலக்கண அமைப்பின் வழியே விரிவாக நிறுவித் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் இலண்டனில் வெளியிட்டார். எனினும் அக்கருத்து அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அச்சேறியிருந்தது. சென்னைக் கலெக்டர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ், கேம்ப்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு 1816இல் எழுதிய ஆய்வுரையில், வேர்ச்சொல், சொல், தொடரமைப்பு என்னும் மூன்று நிலைகளிலும் தமிழையும் தெலுங்கையும் கன்னடத்தையும் ஒப்பிட்டு அதே முடிவை எட்டியிருந்தார்.

எல்லிஸ் தமக்குத் துணைநின்றவர்களை மறைக்கவில்லை. தெலுங்கு வேர்ச்சொற்களைப் பட்டாபிராம சாஸ்திரியின் தொகுப்பிலிருந்து எடுத்தபோதும், மாமிடி வெங்கய்யாவின் அகராதி முன்னுரையை ஆண்டபோதும், அவரவர் பெயரைச் சுட்டினார். எல்லிஸ் வெட்டுவித்த இராயப்பேட்டைக் கிணற்றின் கல்வெட்டில் குறளொன்றை எடுத்தாண்ட இடத்திலும் வள்ளுவர் பெயர் பொறிக்கப்பட்டது.

கால்டுவெல்லும் எல்லிஸைக் குறிப்பிடாமல் விடவில்லை. இத்துறையில் முதன்முதல் நிலம் திருத்தியவர் அவரே என்று தம் முன்னுரையில் ஒப்புக்கொண்டு, அடுத்த மூச்சிலேயே, அவர் செய்தது மூன்று மொழிகளின் சில சொற்களை மட்டும் சுருக்கமாக ஒப்பிட்டதே, இலக்கண வடிவங்களை அல்ல என்று அளவு வகுத்தார். சிக்கல் இங்கேதான் உள்ளது. பெயர் இருக்கிறது, பங்கு குறைந்துவிட்டது. பாயிரம், அதாவது நூன்முகம், சொல்ல வேண்டியவை எனத் தமிழிலக்கணம் வகுத்த எட்டனுள் ‘வழி’யும் ஒன்று; இந்நூல் எதன் வழி வந்தது என்பதை வெளிப்படுத்துவதே அதன் பணி. அந்த அளவுகோலால் பார்த்தால் கால்டுவெல்லின் கணக்கு சிக்கனமானதே. ஆனால் அவரை ஒரேயடியாகக் குறைகூறுவது நேர்மையாகாது: 1875இல் வந்த இரண்டாம் பதிப்பில், மலையாள அறிஞர் குண்டர்ட்டின் ஆய்வுகளை அவர் பெயரோடே பலவிடங்களில் ஆண்டுள்ளார், ‘திராவிட’ என்னும் சொல்லாட்சிக்குக் குமாரில பட்டரையும் சான்று காட்டியுள்ளார்.

1819இல் இராமநாதபுரத்தில் திடீரென இறந்துபோன எல்லிஸுக்கு, தம் ஆய்வை விரித்து நூலாக்கும் காலம் வாய்க்கவில்லை. தாமஸ் டிரவுட்மன் 2006இல் வெளியிட்ட நூலே, அவரையும் சென்னைக் கோட்டைக் கல்லூரியில் அவரோடு உழைத்த பட்டாபிராம சாஸ்திரி முதலானோரையும் ‘திராவிடச் சான்று’ கண்டவர்களாக மீண்டும் முன்னிறுத்தியது.