பூனைக்கு யார் துக்கம் கேட்பார்?

பழைய எகிப்தில் வீட்டுப் பூனை வயதாகியோ நோய்வாய்ப்பட்டோ இறந்துபோனால், அந்த வீட்டில் உள்ள அத்தனை பேரும் புருவத்தை மழித்துக்கொள்வார்களாம். நாய் இறந்தால் தலையையும் உடம்பையும் முழுக்க மழிக்க வேண்டும். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டைச் சுற்றிப் பார்த்த ஹெரோடோட்டஸ் என்ற கிரேக்கர் இதை எழுதி வைத்திருக்கிறார். அவர் கேட்டதையெல்லாம் எழுதுகிற ஆசாமி. பாதியைத் தள்ளித்தான் படிக்க வேண்டும் என்று கல்லூரியில் எங்களுக்கு வரலாறு எடுத்த பேராசிரியர் சொல்வார். ஆனாலும் இந்தப் புருவ விஷயம் என்னை விடவில்லை. நம் ஊரில் மொட்டைத் தலையோடு ஒருவர் எதிரே வந்தால், "கோயிலுக்கா, இல்லை வீட்டில் ஏதாவது...?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்போம் அல்லவா? புருவம் இல்லாத முகத்தைப் பார்த்ததும் எகிப்தியனுக்கு விஷயம் தெரிந்திருக்கும். கேட்க வேண்டியதை அவன் கேட்டிருப்பான். புருவம் திரும்ப முளைக்கிற வரையில் அந்த வீட்டுக்காரர்கள் துக்கக்காரர்கள்தான்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம், சென்ற ஐப்பசியில் எங்கள் வீட்டுப் பூனை இறந்ததுதான். நான் பணி ஓய்வு பெற்ற வருடம் மழைக்கு ஒதுங்கி வந்தது. 14 வருடம் இருந்துவிட்டுப் போயிற்று. சிறுநீரகம் பழுது என்றார் கால்நடை மருத்துவர். பவளமல்லி மரத்தடியில் புதைத்தோம். என் மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டிலிருந்து வந்த பெண், "என்னக்கா, ஒரு பூனைக்கா இப்படி?" என்று சிரித்துவிட்டுப் போனாள். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. வெளிநாட்டில் இருக்கும் மகன் போனில், "வேற ஒண்ணு வாங்கிக்கோங்கப்பா" என்றான். அதன் பிறகு இவள் யார் முன்னாலும் அழவில்லை. அடுக்களையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நான் செய்யக்கூடியது படிப்பது ஒன்றுதான். உலகத்தில் இதற்கு முன்பு பூனைக்காக அழுதவர்கள் யார் யார், என்ன செய்தார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன்.

எகிப்து என்றதும் எல்லோருக்கும் பூனை தெய்வம் நினைவுக்கு வரும். பாஸ்டெட் என்று பெயர். அவளுடைய கோயில் இருந்த ஊர் புபாஸ்டிஸ். இறந்த பூனைகளை அங்கே கொண்டுபோய்ப் பாடம் செய்து அடக்கம் செய்வார்கள். கி.மு. 60-ஐ ஒட்டி எகிப்துக்குப் போன டியோடோரஸ் என்ற இன்னொரு கிரேக்க எழுத்தாளர், தன் கண்ணெதிரே நடந்த ஒன்றைச் சொல்கிறார். ரோமாபுரிக்காரன் ஒருவன் தெரியாத்தனமாக ஒரு பூனையைக் கொன்றுவிட்டான். கூட்டம் அவன் வீட்டை வளைத்துக்கொண்டது. எகிப்து அரசன் ரோமாபுரியைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. அவன் அதிகாரிகளை அனுப்பிக் கெஞ்சியும் பலிக்கவில்லை. அந்த ஆளைக் கொன்றே விட்டார்கள்.

ஆனால் இது பக்தி. பக்தியும் பாசமும் ஒன்றல்ல என்பது என் எண்ணம். மம்மியாகக் கிடைத்த பூனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, பல குட்டிப் பருவத்திலேயே கழுத்து முறிக்கப்பட்டவை என்று தெரிந்தது. கோயிலுக்குக் காணிக்கை செலுத்துவதற்கென்றே வளர்த்துக் கொன்றிருக்கிறார்கள். அந்த மம்மிகளின் கதியும் பரிதாபம்தான். 1890-இல் ஏறத்தாழ 19 டன் பூனை மம்மிகள் கப்பலேறி இங்கிலாந்தின் லிவர்பூலுக்குப் போய், வயலுக்கு எருவாக ஏலம் விடப்பட்டன. அக்காலக் கணக்குப்படி 1,80,000 பூனைகள்.

என் மனதுக்குப் பிடித்தது அந்த லட்சத்தில் சேராத ஒரே ஒரு பூனை. மூன்றாம் அமென்ஹோதெப் என்ற பேரரசனின் மூத்த மகன் துத்மோஸ். இளவரசன், பூசாரிகளின் தலைவன். கி.மு. 14-ஆம் நூற்றாண்டு. அவன் தன் பூனைக்குச் சுண்ணாம்புக் கல்லில் ஒரு பெட்டி செய்வித்தான். பக்கவாட்டில், உணவு படைத்த மேசைக்கு முன்னால் அந்தப் பூனை உட்கார்ந்திருப்பது போலச் செதுக்கியிருக்கிறது. இறந்த மனிதர்களுக்குச் செய்கிற அதே முறை. பூனையின் பெயர் தா-மியு. அதற்குப் பொருள் "பெண் பூனை" என்பதுதான். அரச மாளிகையில் வேறு பெயர் கிடைக்கவில்லை போலும்! மியு என்றால் பூனை என்பதை யாரும் நமக்கு மொழிபெயர்க்க வேண்டியதில்லை. துத்மோஸ் பட்டத்துக்கு வராமலேயே, தகப்பன் இருக்கும்போதே இறந்துபோனான். அவனுடைய தம்பிதான் பிற்காலத்தில் அக்னாதென் என்று பெயர் எடுத்தவன். மூத்தவனைப் பற்றி நமக்குக் கிடைத்த செய்திகளில் பூனைக்கு அவன் செய்த இந்தப் பெட்டிதான் அதிகம் பேசப்படுகிறது.

இதைவிடப் பழைய சான்று சைப்ரஸ் தீவில் இருக்கிறது. 2004-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதப் புதைகுழி. அதற்கு 40 சென்டிமீட்டர் தள்ளி, எட்டு மாத வயதுப் பூனை ஒன்று தனிக் குழியில். இருவரும் ஒரே திசை பார்த்துக் கிடக்கிறார்கள். சைப்ரஸில் இயற்கையாகப் பூனை கிடையாது. யாரோ படகில் ஏற்றிக் கொண்டுபோயிருக்க வேண்டும். அதற்கு மேல் அந்த எலும்புகள் ஒன்றும் பேசவில்லை.

நம் பக்கம் திரும்பிப் பார்த்தால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஜல்லிக்கட்டுக் காளை இறந்தால் ஊரே கூடி மாலை போட்டு, மேளம் அடித்து ஊர்வலமாகக் கொண்டுபோய் அடக்கம் செய்வதைப் பார்த்திருக்கிறோம். கோயில் மாட்டுக்கும் அப்படியே. குரங்கு செத்தால் ஆஞ்சநேயர் என்று சொல்லிப் பால் ஊற்றுவார்கள். பூனைக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. குறுக்கே போனால் சகுனம் சரியில்லை என்று திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற கூட்டம் நாம். இத்தனைக்கும் கம்பன், பாற்கடலை நக்கிக் குடித்துவிட நினைத்த பூனைக்குத் தன்னை ஒப்பிட்டுத்தான் இராம கதையையே தொடங்குகிறான். குட்டியை வாயில் கவ்விக் காப்பாற்றும் தாய்ப் பூனையைக் காட்டித்தான் தென்கலை வைணவர்கள் சரணாகதிக்கு விளக்கம் சொன்னார்கள். உவமைக்கு வேண்டும், செத்தால் குப்பைமேடு.

அமெரிக்காவில் கென்னத் டோகா என்ற அறிஞர் 1989-இல் இந்த மாதிரித் துக்கத்தைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்தார். ஊரார் ஒப்புக்கொள்ளாத, வெளியில் காட்டிக்கொள்ள உரிமை இல்லாத துக்கம் என்று அதற்குத் தனிப் பெயரே வைத்தார். வளர்ப்புப் பிராணி இறப்பதும் அதில் சேர்த்தி. என் மனைவிக்கு இதைப் படித்துக் காட்டினேன். "இதுக்குப் புஸ்தகம் வேற எழுதணுமா?" என்றாள்.

இங்கிலாந்தில் இது நடந்தது 1747-இல். ஹொரேஸ் வால்போல் என்ற பிரபுவின் பூனை, செலீமா, தங்கமீன் வைத்திருந்த பீங்கான் தொட்டியில் விழுந்து செத்துப்போனது. அவருடைய நண்பர் தாமஸ் கிரே அதற்கு ஓர் இரங்கற்பா எழுதினார். புகழ்பெற்ற கவிதை. ஆனால் படித்தால் இரங்கல் இல்லை, கேலிதான் இருக்கிறது. பூனையைச் சாக்காக வைத்துப் பெண்களுக்குப் புத்தி சொல்கிறார். பிற்காலத்தில் அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன் இந்தக் கவிதையை அற்பமானது, அதிலும் நன்றாக அமையாதது என்று ஒரே போடாகப் போட்டார். போடமாட்டாரா? அவரும் பூனைக்காரர். ஹாட்ஜ் என்று ஒரு பூனை. அதற்குச் சிப்பி வாங்க ஜான்சன் தானே கடைக்குப் போவாராம். வேலைக்காரர்களை அனுப்பினால், தங்களுக்கு வேலை வைக்கிறதே என்று அவர்கள் பூனையை வெறுத்துவிடுவார்களோ என்று பயம். இதை எழுதிய பாஸ்வெல்லுக்குப் பூனை என்றாலே ஆகாது. ஹாட்ஜ் இருக்கும் அறையில் தவித்துக்கொண்டே உட்கார்ந்து, எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறார். பாவம்.

ஆனால் நான் அதிக நேரம் செலவழித்தது ஜப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெகியின் வீட்டில்தான்.

1904-இல் அவர் தோக்கியோவில் ஆங்கில விரிவுரையாளர். ஒரு நோஞ்சான் பூனைக்குட்டி வீட்டுக்குள் வந்தது. அவருடைய மனைவிக்குப் பூனை பிடிக்காது. எடுத்து வெளியே விட்டார். திரும்ப வந்தது. மறுபடி விட்டார். மறுபடி வந்தது. "இத்தனை முறை வருகிறதே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்கிற பாணியில் சோசெகி சொல்லிவிட்டார். அந்தப் பூனையே கதை சொல்வது போல 1905-இல் ஒரு பத்திரிகையில் எழுதத் தொடங்கினார். அதுதான் "நான் ஒரு பூனை". ஒரே பூனையால் அவர் பெயர் நாடெங்கும் பரவியது. அதனால் பூனைக்கு ஏதாவது லாபம் உண்டா என்றால் இல்லை. கடைசிவரை அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. நாவலின் முடிவில் பூனை பீர் குடித்துவிட்டுத் தண்ணீர்ச் சாடியில் விழுந்து இறந்துபோகிறது. நிஜப் பூனை அதற்குப் பிறகும் இரண்டு வருடம் இருந்தது.

அதன் சாவைப் பற்றிச் சோசெகி ஒரு சின்னக் கட்டுரை எழுதியிருக்கிறார். வசேதா பகுதிக்கு வீடு மாறியதிலிருந்து பூனை மெலிந்துகொண்டே வந்தது. குழந்தைகளோடு விளையாடவில்லை. தாழ்வாரத்தில் அசையாமல் படுத்திருந்தது. சாப்பிட்டதையெல்லாம் கக்கியது, விருந்தாளிகளுக்கென்று தைத்து வைத்த பட்டுத் திண்டுகள் பாழாயின. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மருந்து கொடுக்கலாமே என்று இவர் சொன்னார். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது என்றார் மனைவி. இவர் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டார். இதையெல்லாம் மறைக்காமல், அழகுபடுத்தாமல் எழுதியிருக்கிறார். 1908 செப்டம்பரில் ஒரு காலை, பின்னால் சாமான் கொட்டகையில் பழைய அடுப்பின் மேல் விறைத்துக் கிடந்தது.

அப்போதுதான் வீடு மாறியது. அதுவரை பாராமுகமாக இருந்த மனைவி பரபரத்தார். ரிக்‌ஷாக்காரரை அனுப்பி, கல்லறைக்கு நடுகிற மரப்பலகை வாங்கி வரச் சொல்லி, கணவரிடம் கொடுத்து ஏதாவது எழுதுங்கள் என்றார். சோசெகி முன்பக்கம் பூனையின் கல்லறை என்றும், பின்பக்கம் ஒரு ஹைக்கூவும் எழுதினார். தோட்டத்தில் புதைத்தார்கள். குழந்தைகள் இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் பூச்செருகி இருபுறமும் வைத்து, கிண்ணத்தில் தண்ணீரும் வைத்தார்கள். மூன்றாம் நாள் மாலை அவருடைய நாலு வயதுப் பெண் தனியாக வந்து அங்கே நின்றாள். கையிலிருந்த விளையாட்டுக் கரண்டியால் பூனைக்கு வைத்த தண்ணீரை மொண்டு தானே குடித்தாள். சோசெகி அதைப் படிப்பறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் சீடர்களுக்குக் கார்டு போட்டார். கறுப்புக் கட்டம் கட்டிய இறப்புச் செய்திக் கார்டு. பூனை நெடுநாள் நோயில் இருந்து, யாரும் அறியாமல் கொட்டகை அடுப்பின் மேல் காலமாயிற்று, அடக்கம் முடிந்தது, எஜமானர் நாவல் எழுதிக்கொண்டிருப்பதால் நீங்கள் யாரும் இறுதிச் சடங்குக்கு வரத் தேவையில்லை. இதுதான் சாரம். அவர் அப்போது எழுதிக்கொண்டிருந்தது "சன்ஷிரோ". சிரிப்பதா அழுவதா என்று தெரியாத கார்டு. கருமாதிக் கார்டு வந்தால் படித்தவுடன் கிழித்துப் போடுவது நம் வழக்கம். அந்தச் சீடர்கள் கிழிக்கவில்லை. இன்று சோசெகியின் கடிதத் தொகுப்பில் அது அச்சாகி இருக்கிறது.

அந்தத் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது சோசெகி பெயரில் ஒரு பூங்கா. அங்கே அடுக்கடுக்கான ஒரு கல் தூண் நிற்கிறது. அந்த வீட்டில் வாழ்ந்த பூனை, நாய், குருவி எல்லாவற்றுக்குமாகச் சோசெகியின் காலத்துக்குப் பின் குடும்பத்தார் எழுப்பியது. 1945-இல் குண்டு வீச்சில் சேதமாகி, 1953-இல் திரும்ப எடுத்துக் கட்டினார்கள்.

கட்டுரையின் கடைசிப் பகுதியைத்தான் என் மனைவிக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. பூனை இறந்த நாள் வரும்போதெல்லாம் சோசெகியின் மனைவி தவறாமல் ஒரு துண்டு சால்மன் மீனும், கருவாட்டுச் சீவல் தூவிய ஒரு கிண்ணம் சோறும் அதற்குப் படைத்தாராம். வீட்டுக்குள் வராதே என்று குட்டியைத் தூக்கித் தூக்கி வெளியே போட்ட அதே அம்மாள். முதலில் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கல்லறை முன்னால் வைத்தார். நாளாக ஆக அவ்வளவு தூரம் போகாமல், கூடத்தில் துணி வைக்கும் பெட்டியின் மேலேயே வைத்துவிடுவாராம்.