மூன்று நாள் ஓய்வு யாருக்குக் கிடைத்தது?



"அந்தக் காலத்தில் பெண்களுக்கு மூன்று நாள் ஓய்வு கொடுத்தார்கள், நாம்தான் அதைத் தீட்டு என்று தப்பாகப் புரிந்துகொண்டோம்" என்று இப்போது பரவலாகப் பேசுகிறார்கள். இந்தப் பேச்சிடம் நாம் இரண்டு கேள்விகள் கேட்போம். ஓய்வு யாருக்குக் கிடைத்தது? அந்த மூன்று நாளும் வேலையை யார் செய்தார்கள்?

பண்ணை வீட்டு அம்மா 'தூரமாகி' ஒதுங்கியபோதும் தொழுவத்தில் சாணம் அள்ளியவர்கள், நெல் குத்தியவர்கள் நம் பாட்டிகள். அவர்களுக்கும் மாதந்தோறும் உதிரம் போனது. ஆனால் நடவுக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. பழந்துணியைச் சுற்றிக்கொண்டு சேற்றில் நின்றார்கள். துணி மாற்ற மறைவிடமில்லை. அலசிக்கொள்ள ஊர்க்கிணற்றில் உரிமையில்லை. அந்த அம்மாவுக்கு மூன்று நாள் தீட்டு, நம் பாட்டிக்கோ பிறந்ததிலிருந்து சாகும்வரை தீட்டு. தீட்டு நம்மைத் தள்ளிவைத்ததே தவிர, ஒரு நாளும் உட்காரவைக்கவில்லை.

ஒதுக்கிவைப்பது ஓய்வாகாது. 2018 செப்டம்பரில் சபரிமலை வழக்கின் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட், மாதவிடாயைக் காட்டிப் பெண்களை விலக்குவதும் தீண்டாமையே என்று அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவோடு சேர்த்து எழுதினார். இரண்டே மாதத்தில் கஜா புயல் வந்தது. தஞ்சை மாவட்டத்தில், வயதுக்கு வந்ததால் தனிக் குடிசையில் தங்கவைக்கப்பட்ட சிறுமி ஒருத்தி, தென்னை மரம் விழுந்து செத்துப்போனாள்.

ஓய்வை உரிமையாகக் கேட்ட வரலாறு வேறு. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றார். அதன் சுமையில் அரசுக்கும் பங்கு உண்டு என்றார். உழைக்கும் பெண்ணின் உடல் சட்டமன்றத்தின் பேச்சானது. ஜப்பான் 1947இல் மாதவிடாய் விடுப்பைத் தொழிலாளர் சட்டத்தில் சேர்த்தது. பீகாரில் 1992இல் அரசுப் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் சிறப்பு விடுப்பு கிடைத்தது.

இந்த விடுப்பெல்லாம் வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு. பதிவேடே இல்லாதவர்களின் கதையை மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் சொல்கிறது. அங்கிருந்து கணவனும் மனைவியுமாக, ஒரே கூலிக் கணக்கில், கரும்பு வெட்டப் போகிறார்கள். ஒரு நாள் நின்றால் ஒப்பந்தக்காரர் அபராதம் பிடிக்கிறார். 2019இல் அரசு அமைத்த குழு அந்த மாவட்டத்தில் 82,309 கரும்பு வெட்டும் பெண்களிடம் விசாரித்தது. அவர்களில் 13,861 பேர் கருப்பையை எடுத்துவிட்டிருந்தார்கள். பலர் இளம் வயதினர். மாதத்தில் இரண்டு நாள் ஓய்வு தராத வேலை, உடலின் ஓர் உறுப்பையே வாங்கிக்கொண்டது. அதே ஆண்டு, தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் வலியென்று சொன்ன பெண்களுக்குப் பெயர்கூட இல்லாத மாத்திரைகளைக் கொடுத்து வேலைவாங்கிய செய்தியும் வெளியானது.

ஆகவே நம் கோரிக்கை தெளிவாக இருக்கட்டும். தீட்டு இல்லாத ஓய்வு வேண்டும். கூலி பிடிக்காத ஓய்வு வேண்டும். வயலிலும் செங்கல் சூளையிலும் நூறுநாள் வேலையிலும் கழிப்பறை, தண்ணீர், சற்றுப் படுக்க நிழல் வேண்டும். வேலையை முடக்கும் வலி என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். கருப்பையை எடு என்று ஒருவர் சொன்னால் இன்னொரு மருத்துவரையும் கேட்க வேண்டும்.

இயக்கத்துக்குள்ளும் கேட்போம். மாநாட்டுக்கு மேடையை முதலில் போடும் நாம், பெண்கள் கழிப்பறையைக் கடைசியில்தான் நினைக்கிறோம். ஆண் தோழர்களே, அந்த நாட்களில் வீட்டில் தண்ணீர் பிடிப்பது யார், உலை வைப்பது யார்? அடிவயிற்றுக்கு வெந்நீர் ஒத்தடம், சூடாக ஒரு வாய் கஞ்சி, கேள்வி கேட்காத ஒரு மணி நேரத் தூக்கம். இதைச் சலுகையென்று நினைக்காதீர்கள். நம் பாட்டிகளுக்குத் தர வேண்டியிருந்த பாக்கி அது. மகள்களுக்காவது கொடுத்துத் தீர்ப்போம்.