ஒரே தேயிலை, மூன்று கணக்குகள்: வேளாண் கருவிகளும் வருமான வரியும்

1860-இல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவில் வருமான வரியை அறிமுகப்படுத்தியபோது நிலத்தின் வருவாயும் அதற்குள் அடங்கியிருந்தது. 1886-ஆம் ஆண்டுச் சட்டம் வேளாண் வருமானத்துக்கு விலக்களித்தது. பின்னர் 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் அவ்வருமானத்தின் மீது வரி விதிக்கும் அதிகாரத்தை மாகாணங்களிடம் ஒப்படைத்தது. பீகார் 1938-இல் அதைப் பயன்படுத்தியது. சென்னை மாநிலம் 1955-இல் தோட்டப் பயிர்களின் வருமானத்தின் மீது வரிச்சட்டம் இயற்றியது.

இவ்விலக்கு உழவருக்கு அளிக்கப்பட்ட சலுகை என்றே பேசப்படுகிறது. அதன் மறுபக்கம் அரிதாகவே பேசப்படுகிறது. வரி இல்லாத இடத்தில் வரிக்கழிவும் இல்லை. வேறு வருமானம் இல்லாத உழவர் கடன்பட்டு வாங்கும் டிராக்டரின் தேய்மானம் மத்திய வருமான வரிக் கணக்கு எதிலும் ஏறுவதில்லை.

கருவியின் தேய்மானம் வழக்காக மாறியது தேயிலையில்தான். கொழுந்து வளர்ப்பது வேளாண்மை. அதை வாட்டி, உருட்டி, உலர்த்துவது தொழில். ஆகவே, தானே வளர்த்துத் தானே பதப்படுத்தும் நிறுவனத்தின் வருமானத்தில் 40 சதவீதத்தையே மத்திய வரிக்குரியதாக 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் 8-ஆம் விதி கொண்டது.

1,000 ரூபாய் மதிப்புள்ள இயந்திரத்துக்கு ஓராண்டுத் தேய்மானம் 100 ரூபாய் எனக் கொள்வோம். மத்திய வரியில் அதன் பயன் 40 ரூபாய்க்கே கிடைக்கிறது. அப்படியாயின் மறு ஆண்டு இயந்திரத்தின் மதிப்பு 900 ரூபாயா, 960 ரூபாயா? 'உண்மையில் அனுமதிக்கப்பட்ட' தேய்மானத்தையே கழிக்க வேண்டும் என்பது சட்டத்தின் சொல். டூம் டூமா நிறுவன வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் அச்சொல்லுக்கு நேர்ப்பொருள் கொண்டு, 40 மட்டுமே கழியும் எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் இரண்டாம் நிதிச் சட்டம் 43(6) பிரிவில் ஒரு விளக்கத்தைச் சேர்த்து, முழு வருமானமும் தொழில் வருமானமே என்பதுபோல் தேய்மானத்தைக் கணக்கிட வேண்டும் என்றது. மதிப்பு மீண்டும் 900 ஆயிற்று.

நாடாளுமன்றமும் நீதிமன்றமும் 60 ரூபாய்க்காக நடத்திய இவ்வாதத்தில் ஒருவர் இடம்பெறவே இல்லை. நீலகிரியில் பச்சைக் கொழுந்தை ஆலைக்கு விற்கும் சிறு விவசாயியின் வருமானம் முழுவதும் வேளாண்மையே. 8-ஆம் விதி அவரைத் தொடவில்லை. கொழுந்தை விலைக்கு வாங்கிப் பதப்படுத்தும் ஆலைக்குத் தேய்மானம் முழுமையாகக் கழிகிறது. சொந்தத் தோட்டமுள்ள நிறுவனத்துக்கு 40 சதவீத அளவில் கழிகிறது. அவருடைய கவாத்து இயந்திரத்துக்கோ எதுவும் இல்லை.

வேளாண் வரிவிலக்கின் வரலாற்றை எழுதுவோர், யார் வரி செலுத்தவில்லை என்பதோடு யாருடைய செலவு கணக்கில் வரவில்லை என்பதையும் கேட்க வேண்டும்.