இணையில் எங்கே வந்தது பிரிவு?

'மல்டிவர்ஸ்' படம் ஒன்று வந்துவிட்டால் போதும். "ஈரேழு பதினான்கு உலகம்னு நம்ம ஆளுங்க அப்பவே சொல்லிட்டாங்க" என்ற பேச்சு புதுச்சேரி நெல்லித்தோப்பு டீக்கடை வரை வந்துவிடுகிறது. பதினான்கும் மாடிவீட்டுத் தளங்கள்: மேலே ஏழு, கீழே ஏழு. ஒரே ஆள் இரண்டு தளத்தில் குடியிருக்கும் சங்கடம் அங்கே கிடையாது.

காமிக்ஸுக்கு அந்தச் சங்கடம்தான் மூலதனம். 1940-இல் ஜே கேரிக் என்றொரு நாயகன், பட்டப்பெயர் ஃபிளாஷ். 1956-இல் அதே பட்டப்பெயரில் பேரி ஆலன். 1961 செப்டம்பர் தேதியிட்ட 'தி ஃபிளாஷ்' 123-ஆம் இதழில் எழுத்தாளர் கார்டினர் ஃபாக்ஸும் ஓவியர் கார்மைன் இன்ஃபன்டினோவும் இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். இருவருக்கும் தனித்தனிப் பூமி; இரண்டும் ஒரே இடத்தில்தான், அதிர்வுதான் வேறு. பேரிக்கோ ஜே, சிறுவயதில் காமிக்ஸில் படித்த நாயகன்!

இப்படிப்பட்ட இன்னோர் உலகத்தை 'மாற்றுலகம்' என்பாரும் உளர். ஒன்றைக் களைந்துவிட்டு உடுத்துவது மாற்றுத்துணி, பகைவன் மாற்றான். நாயகர்களெல்லாம் வில்லன்களாகத் திரியும் 1964-இன் 'மூன்றாம் பூமி'க்கு வேண்டுமானால் அது பொருந்தும். மற்றபடி தள்ளுபடி.

'இணையுலகம்' என்பதே சொல். ஆனால் அதை இணைகோட்டிலிருந்து வரவழைத்து 'ஒருபோதும் சந்திக்காதது' என்று பொருள் சொல்வது தலைகீழ்ப் பாடம். இணையடி, இணைபிரியாமை, இணையற்ற: சோடி, சேர்க்கை, ஒப்பு. கண்ணகியின் சிலம்பும் இணையாக அணிவதுதான். விற்கப் போனது ஒன்று, வழக்கை வென்றது மற்றது. சொல் இருக்க, உலகங்களுக்கு வருவோம்: திருவாசகத்தின் திருவண்டப்பகுதி அண்டங்களை நூற்றொரு கோடிக்கும் மேலாக விரிக்கிறது. இருக்கட்டும், எண்ணிக்கையா இங்கே கேள்வி? ஞானவாசிட்டக் கதையில் வரும் லீலை வேறோர் உலகம் போய்த் தன் சாயலிலேயே இன்னொரு லீலையைக் காண்கிறாளே, காமிக்ஸுக்கு உறவு அங்கேதான்.

ஒரே இடத்தில் இரண்டு உலகம் என்பதைப் புதுச்சேரிக்காரருக்கு விளக்கவே வேண்டாம். 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-இல். அமெரிக்காவில் இரு ஃபிளாஷ்களும் சந்தித்தபோது நெல்லித்தோப்பு நடப்பில் இந்தியா, ஏட்டில் பிரான்ஸ். ஒரே தெரு, இரண்டு நாடு. 1954 அக்டோபர் 18-இல் கீழூர் வாக்கெடுப்பில் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர்வதை ஆதரித்ததற்கு ஊரார் வைத்த பெயர் 'இணைப்பு'. சொல்லின் பழம்பொருள் அதுவே. சந்திக்காமையை அதில் ஏற்றியது கணக்குப் புத்தகம்தான்.